மீனுக்கு இரையும் மனிதருக்கு நலமும்

மீன் வளர்த்தல் நம் தோட்டத்துச் சிறுவர்களுக்குப் புதிய கலையன்று. கண்ணாடித் தொட்டி வாங்க வசதியில்லாதவர்களும் ஊறுகாய்ப் போத்தலில் ஒரு சண்டை மீனை விட்டுச் சன்னலோரம் வைத்து மகிழ்வதைக் காண்கிறோம். பள்ளி முடிந்ததும் வடிகால் ஓரம் குனிந்து நின்று, வலைத்துணியால் கப்பி மீன் அரிப்போரும் உளர். இப்பழக்கம் கண்டிக்கத்தக்கதன்று. ஓர் உயிரைப் பேணக் கற்ற பிள்ளை பொறுமையையும் பொறுப்பையும் ஒருங்கே கற்கிறது. எனினும், அம்மீனுக்கு இடும் இரையைப் பற்றி மாணவரும் பெற்றோரும் அறிய வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஆண்டு நம் மாணவன் ஒருவன் தன் மீனுக்காக ஒரு போத்தல் நிறையக் கொசுப்புழுக்களைக் கொணர்ந்து, வகுப்பறை மூலையில் வைத்து மறந்துவிட்டான். இடையில் மூன்று நாள் விடுமுறை வந்தது. திரும்பி வந்து பார்த்தபோது புழுக்கள் பெரிதும் குறைந்திருந்தன. நீரின்மேல் வெற்றுத் தோல்கள் மிதந்தன. "புழுவெல்லாம் எங்கே போயின, ஐயா?" என்று வியப்புடன் கேட்டான். அவை சிறகு பெற்றுப் பறந்துவிட்டன என்பதே விடை. மீனுக்கு உணவு தேடப் போய், வகுப்புக்குக் கொசு வளர்த்துக் கொடுத்துவிட்டோம்.

மீன்களுக்கு உயிருணவு எதற்கு? சண்டை மீன் இயற்கையில் பூச்சிகளையும் புழுக்களையும் தின்று வாழ்வது. அசைந்து செல்லும் இரையைக் கண்டவுடன் அது பாய்ந்து கவ்வும். கடைகளில் விற்கும் உலர்ந்த உணவை உண்டும் அது நலமாக வாழக்கூடும். ஆயினும் முட்டையிடப்போகும் தாய்மீனுக்கும், உலர்ந்த உணவை ஏற்காத சின்னஞ்சிறு குஞ்சுகளுக்கும் உயிருணவு மிகவும் ஏற்றது.

உயிருணவுகளுள் எளிதில் கிடைப்பது கொசுப்புழு. மீனுக்கு அது நல்ல உணவே, ஐயமில்லை. ஆனால் அதன் வாழ்க்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். முட்டையிலிருந்து வெளிவரும் புழு நான்கு பருவங்களைக் கடந்து, காற்புள்ளி வடிவான கூட்டுப்புழுவாகிறது. அதன்பின் ஏறக்குறைய இரண்டே நாட்களில் கொசுவாகிப் பறக்கிறது. நம் நாட்டு வெப்பத்தில் இம்மாற்றங்கள் யாவும் ஏழு முதல் பத்து நாட்களுக்குள் நிகழ்ந்துவிடும். ஆதலின் கொசுப்புழுவைச் சேமித்து வைப்பது, கொசுவைச் சேமித்து வைப்பதே ஆகும்.

கொசுவினால் நேரும் தீங்கைத் தோட்ட மக்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ? ரப்பர்த் தோட்டங்களை உருவாக்க வந்த நம் முன்னோர் பலர் மலேரியாக் காய்ச்சலுக்கு இரையாயினர். அந்நோய்க் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை 1897ஆம் ஆண்டில் இந்தியாவின் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டறிந்தார். அதனை அறிந்த டாக்டர் மால்கம் வாட்சன், 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளான் வட்டாரத்துச் சதுப்பு நிலங்களின் நீரை வடியச் செய்து நோயைப் பெரிதும் குறைத்தார். ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் வேறோர் இனக் கொசு, காடழித்தபின் வெயில் பட்ட தெளிந்த ஓடைகளிலேயே பெருகியது. நீர் தெளிவாக இருப்பதால் தீங்கில்லை என எண்ணலாகாது என்பதை அக்கொசு கற்பித்தது.

இன்று நம்மை அச்சுறுத்துவது டிங்கிக் காய்ச்சல். 2023ஆம் ஆண்டில் மலேசியாவில் 120,000க்கும் மேற்பட்டோரை அது பற்றியது. 100 பேர் உயிரிழந்தனர். இதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. பூச்சாடித் தட்டு, பழைய டயர், பால் மரத்து மங்கு, கைவிடப்பட்ட மீன் போத்தல் ஆகிய எதில் நீர் தேங்கினும் அது முட்டையிடும். பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிய அம்முட்டைகள் நீர் வற்றியபின்னும் பல மாதம் உயிரோடிருக்கும். மழை பெய்ததும் பொரிக்கும். ஆதலால் பயன்படாத போத்தலின் நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். கொசு பெருகும்படி தம் இடத்தை வைத்திருப்போரை 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம் தண்டிக்கிறது என்பதையும் பெற்றோர் நினைவிற் கொள்க.

அவ்வாறாயின் மீனுக்கு எதைக் கொடுப்பது? நீர்த்தெள்ளு என்னும் நுண்ணுயிரை வளர்ப்பதே சாலச் சிறந்தது. மலாய்மொழியில் இதனைக் 'குத்து ஆயேர்' என்பர். இதன் சிறிய இனமான மோய்னா ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். நம் வெப்பத்தையும் தாங்கும். இதற்குச் சிறகில்லை, கடிக்காது, எத்துணை நாள் வைத்திருந்தாலும் கொசுவாகாது. உணவு மிகுந்திருக்கும்போது பெண் தெள்ளுகள் ஆணின் துணையின்றியே குஞ்சு ஈனும். அக்குஞ்சுகளும் சில நாட்களில் தாயாகிவிடும்.

வளர்க்கும் முறை வருமாறு: ஒரு வாளியில் மீன்தொட்டியின் பழைய நீரை ஊற்றி, வெளிச்சம் படும் நிழலில் வையுங்கள். அன்றே வாளியின் வாயைக் கொசுவலைத் துணியால் இறுகக் கட்டிவிடுங்கள். இதனை மறந்தால் கொசு அதிலும் முட்டையிடும். நம் முயற்சியெல்லாம் வீணாகும். சில நாட்களில் நீர் பச்சை நிறம் பெறும். மீன்கடையில் வாங்கிய தெள்ளுகளை அதில் விடுங்கள். பச்சை நிறம் மறைந்து நீர் தெளியும்போது, ரொட்டிக்கு இடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை எடுத்து நீரிற் கரைத்து ஊற்றினால் போதும். மிகுதியாக ஊற்றினால் நீர் அழுகித் தெள்ளுகள் யாவும் மடியும். ஒரு வாளி கெட்டாலும் மற்றொன்று உதவும்படி இரண்டு வாளிகளில் வளர்ப்பது அறிவுடைமை.

வடிகாலில் இரை தேடுவதை மாணவர்கள் அறவே விட்டுவிட வேண்டும். அந்நீரில் எலியின் சிறுநீரால் பரவும் நோய்க் கிருமி இருக்கக்கூடும். களைக்கொல்லி மருந்தும் கலந்திருக்கக்கூடும். முன்னது காலிலுள்ள சிறு புண்வழியே உங்களைத் தாக்கும்; பின்னது மீனைக் கொல்லும். வீட்டு வாளியில் தற்செயலாகக் கொசுப்புழுவைக் கண்டால், அதனை வடிகட்டி, நல்ல நீரில் அலசி, அப்பொழுதே மீனுக்கு இட்டுவிடுங்கள். மீன் உண்ணாது விட்டவற்றை அகற்றிக் கொன்றுவிடுங்கள். ஒன்றையும் மறுநாளைக்கென வைக்க வேண்டா.

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது மீனுக்கும் பொருந்தும். சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவே காலையிலும் மாலையிலும் இடுக. மிஞ்சிய இரை இறந்து அழுகினால் நீர் கெடும். நீர் கெட்டால் மீன் நோயுறும். குழாய் நீரை ஒரு நாள் முழுதும் கொசுவலைத் துணியால் மட்டும் மூடி வைத்தபின்னரே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

அன்பு மாணவர்களே! மேற்கூறிய மாணவன் இப்பொழுது இரண்டு வாளிகளில் நீர்த்தெள்ளு வளர்க்கிறான்; இரண்டிற்கும் துணி கட்டியிருக்கிறான். கேட்ட நண்பர்களுக்கு ஒரு கரண்டி அளந்து கொடுக்கிறான். அவன் மீனும் கொழுத்திருக்கிறது. நீங்களும் மீன் வளருங்கள். அதன் இரையையும் வளருங்கள். ஆனால் உங்கள் போத்தலிலிருந்து ஒரு கொசுவேனும் பறந்து, பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொட்டிலை அடையாதபடி காத்துக்கொள்ளுங்கள்.