பொழுதும் போக்கும்: நாட்டரசன்கோட்டைச் சூழலை முன்வைத்து ஓர் ஆய்வு

உவகை பிறத்தற்குரிய நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என்னும் நான்கனைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலுட் கூறுவர். விளையாட்டு மக்கட்கெல்லாம் பொது என்பது இதனாற் பெறப்படும். ஆயின், யார், எப்பொழுது, எவ்விடத்து விளையாடுவர் என்பது பொதுவன்று. சுவை வேறுபாடே பொழுதுபோக்கு வேறுபாட்டிற்குக் காரணம் என்பாருளர். ஓய்வு வாய்க்கும் முறையே முதற்காரணம் என்பது நம் கருத்து. சிவகங்கையை அடுத்த நாட்டரசன்கோட்டைச் சூழலைக் கொண்டு இதனை நிறுவுவாம்.

முதற்கண் உழவரை நோக்குவோம். இது வானம் பார்த்த பூமி. கண்மாய் நீரை நம்பிய நெல் தையில் அறுவடையாகும். அதன்பின் வயல் ஓய்வுறும், உழவரும் ஓய்வுறுவர். சிராவயல் முதலிய ஊர்களின் மஞ்சுவிரட்டு தையில் தொடங்குவதற்கு இதுவே காரணம். மதுரைப் பக்கத்து அலங்காநல்லூரில் காளைகள் வாடிவாசல் வழியே ஒவ்வொன்றாக வெளிவரும். இப்பகுதி மஞ்சுவிரட்டிலோ திறந்த பொட்டலில் காளைகள் அவிழ்த்துவிடப்படும். பிடிப்போரும் காண்போரும் ஒரே நிலத்தில் நிற்பர். காளையை நீண்ட கயிற்றிற் பிணித்து, ஒரு குழுவினர் குறித்த பொழுதிற்குள் அடக்கும் வடமாடு மற்றொரு வகை.

வணிகரின் ஓய்வு வேறு. 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை ஆகிய நாடுகளில் தொழில் நடத்தினர். முகவராகச் சென்றோர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்தே ஊர் திரும்பினர். இவர்தம் ஓய்வு பருவத்தைப் பற்றியதன்று, தவணையைப் பற்றியது. ஆதலின் அது திருமணம், கோயில் விழா ஆகியவற்றைச் சுற்றி அமைந்தது. பொங்கலை அடுத்த செவ்வாயன்று கண்ணுடைய நாயகி கோயில்முன் நிகழும் செவ்வாய்ப் பொங்கல், பிரிந்திருந்த உறவினர் ஒருங்குகூடும் நாளுமாகும்.

பெண்டிர்க்கு ஓய்வு துண்டு துண்டாகவே வாய்த்தது. பதினான்கு குழிகளையுடைய பல்லாங்குழியும் தாயமும் இடையில் நிறுத்தித் தொடரத்தக்கன. பனையோலையாற் கொட்டான் முடைதல் வேலையா, பொழுதுபோக்கா எனப் பிரித்தல் அரிது. இத்தகையன வேலையெனவே எண்ணப்பட்டமையால் பெண்டிர் ஓய்வு ஆய்வாளர் கண்ணிற் படாது போயிற்று.

இனி, சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாளைக் கருதுக. அதன் நிறைவு பங்குனி அத்தத்தன்று நாட்டரசன்கோட்டையில், கம்பர் சமாதி எனப் போற்றப்படும் இடத்தில் நிகழும் மரபினது. சொற்பொழிவு கேட்டலை உயர்ந்ததென்றும் மாடு பிடித்தலைத் தாழ்ந்ததென்றும் வகுத்தல் பொருந்தாது. கலித்தொகை முல்லைக்கலி ஏறுதழுவலைப் பாடுபொருளாகக் கொண்டதன்றோ?

இவ்வேறுபாடுகளை அறிதல் ஏட்டளவிற் பயன்படுவதன்று. 2014இல் உச்சநீதிமன்றம் தடைவிதித்த காலத்தும், 2017இல் தமிழ்நாட்டரசு சட்டத்திருத்தம் இயற்றிய காலத்தும், 2023இல் அது செல்லுமென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்த காலத்தும் பொதுமக்கள் வாதத்தில் முன்னின்றது வாடிவாசல் வடிவமே. காண்போரைத் தடுப்பிற்கு அப்பால் நிறுத்தும் விதி அவ்வடிவத்திற்கு எளிதிற் பொருந்தும். திறந்த பொட்டலிலோ காண்போர் உயிர்க்கே இடருண்டு. ஆதலின் காவல் இன்றியமையாதது. ஆயின் அதனால் விளையாட்டின் இயல்பே மாறும். எதனைக் காப்பது, எதனை மாற்றுவது என்னும் வினாவிற்கு வட்டார வேறுபாட்டை அறிந்தோரே விடை கூறவியலும்.

எனவே, ஆய்வு மாணவர் ஆட்டத்தின் பெயரை மட்டும் தொகுத்தல் போதாது. ஆடுவோர்க்கு ஓய்வு எவ்வாறு வாய்த்தது என்பதையும் உடன் வினவுதல் வேண்டும்.