சின்னவனுக்குப் பிறந்த நாள், பெரியவளுக்கு?

நாத்தனார் வீட்டிலிருந்தோ, அடுத்த தெருவிலிருந்தோ அழைப்பு வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஆண்டு நிறைவு. காலையில் ஹோமம், மத்தியானம் விருந்து, சாயங்காலம் கேக் என்று ஏகப்பட்ட ஏற்பாடுகள். அவசியம் போகத்தான் வேண்டும். வெறுங்கையோடு போக முடியுமா?

முதல் குழந்தையாக இருந்தால் கவலையே இல்லை. எதை வாங்கிக் கொண்டு போனாலும் அந்த வீட்டில் அது புதுசு. ஆனால் இதுவோ இரண்டாவது குழந்தை. கிலுகிலுப்பையா? அக்காவினுடையது பரணில் இருக்கிறது. கொசு வலையா? கம்பளிக் குல்லாயா? எல்லாம் இருக்கின்றன. சட்டை வாங்கலாமென்றால், அக்கா இரண்டு தடவை போட்டுக் கழற்றிய சட்டைகளே பெட்டி நிறையக் கிடக்கின்றன. "என்னத்தைத்தான் வாங்குவது?" என்று மோவாயில் கை வைத்து உட்கார்ந்து விடுகிறீர்கள்.

ஒரு யோசனை சொல்கிறேன். கடைக்குப் புறப்படுவதற்கு முன் பிறந்த நாள் குழந்தையை ஐந்து நிமிஷம் மறந்து விடுங்கள். அந்த வீட்டில் நாலு வயதோ ஐந்து வயதோ ஆன இன்னொரு ஜீவன் இருக்கிறதே, அதை நினைத்துப் பாருங்கள். என்ன வாங்க வேண்டும் என்பது தானாகவே புலப்படும்.

நடை வந்தால் வம்பும் வரும்

பிறந்த புதிதில் குழந்தை, போட்ட இடத்தில் கிடந்தது. அக்காவின் ராஜ்யத்துக்கு அதனால் ஓர் ஆபத்தும் இல்லை. ஆனால் ஒரு வயதை ஒட்டித்தான் காலும் கையும் முளைக்கின்றன. தனியாக நடக்கத் தொடங்குவது குழந்தைக்குக் குழந்தை வேறுபடும். ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 18 மாதத்துக்குள் எப்போது நடந்தாலும் சரியே என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி சொல்கிறது. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சின்னஞ்சிறு பொருளைப் பொறுக்கி எடுக்கும் சாமர்த்தியமும் இதற்குள் வந்து விடுகிறது. பொறுக்கிய பொருள் நேரே எங்கே போகும்? வாய்க்குத்தான்!

இப்போது அக்காவின் நிலைமையை யோசியுங்கள். அரை மணி நேரம் பாடுபட்டுக் கட்டிய கோபுரத்தைத் தம்பி ஒரே தட்டில் சாய்க்கிறான். படம் வரைந்த தாளைச் சப்புகிறான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தால், அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: "நீதானே பெரியவ? விட்டுக் கொடேன்!" விட்டுக் கொடுப்பதற்கு ஓர் அளவு இல்லையா? தம்பி பிறந்த நாளிலிருந்து அம்மாவின் மடியை விட்டுக் கொடுத்தாள். பாட்டியின் பக்கத்து இடத்தை விட்டுக் கொடுத்தாள். இப்போது சொப்புச் சாமானையும் விட்டுக் கொடு என்றால், தம்பி மேல் அவளுக்குப் பிரியம் எங்கிருந்து வரும்?

இதில் அபாயம் ஒன்றும் இருக்கிறது. அக்காவின் பாசிமணி, கோலி, பொம்மைச் செருப்பு எல்லாம் அவளுக்கு விளையாட்டு; தம்பிக்கு மூச்சை அடைக்கும் எமன். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கும்போது, ஏறத்தாழ 32 மில்லிமீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குல அகலமுள்ள ஒரு சின்னக் குழலை வைத்துப் பார்க்கிறார்கள். அதற்குள் முழுவதும் அடங்கி விடும் எந்தப் பொருளும் அந்த வயதுக்கு ஆகாது. அக்காவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பாதிச் சாமான் அந்தக் குழலுக்குள் போய் விடும்.

முதல் பரிசு: அக்காவுக்கு

ஆகவே, தம்பியின் ஆண்டு நிறைவுக்கு நீங்கள் வாங்க வேண்டிய முதல் பரிசு, அக்காவுக்கு ஒரு பெட்டி. நல்ல மூடி போட்டதாக, தம்பியால் திறக்க முடியாததாக இருக்கட்டும். மேலே அவள் பெயரை எழுதிக் கொடுங்கள். தம்பிக்கு எட்டாத அலமாரித் தட்டு ஒன்றை அதற்கு ஒதுக்கித் தரும்படி வீட்டாரிடம் சொல்லுங்கள். "இதிலே இருப்பதெல்லாம் உன்னுடையது. இதை யாருக்கும் விட்டுக் கொடுக்க வேண்டாம். ஆனால் சின்னச் சின்னச் சாமானெல்லாம் விளையாடி முடிந்ததும் இதற்குள்ளேதான் போக வேண்டும்" என்று அவளிடம் சொல்லிப் பாருங்கள். அவள் சொத்தும் பத்திரம். அவன் தொண்டையும் பத்திரம். இருந்தாலும் மணி எண்ணும் பொறுப்பை நாலு வயதுப் பெண்ணின் தலையில் கட்டிவிடக் கூடாது. தரையைக் கவனிப்பது பெரியவர்களின் வேலைதான்.

இரண்டாவது பரிசு: தம்பிக்கு

ஒரு வயதுக் குழந்தைக்கு மிகவும் பிடித்த வேலை என்ன தெரியுமா? பாத்திரத்தில் போடுவது, எடுப்பது, மறுபடியும் போடுவது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் கிண்ணங்கள், பெரிய மரக் கட்டைகள், கம்பில் கோக்கும் வளையங்கள் போதும். அக்கா அடுக்குவாள், தம்பி தள்ளுவான். தள்ளுவதே ஆட்டம் என்று ஆகிவிட்டால் சண்டைக்கு இடமில்லை. இருவரும் சேர்ந்தால்தான் ஆட்டம் நடக்கும் என்பதே இந்தப் பரிசின் விசேஷம்.

பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் இருக்கிற சென்னபட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, அரக்குப் பூசி வழவழவென்று பொம்மை செய்கிறார்கள். இயற்கைச் சாயம்தானா என்று விசாரித்து, பெரிய அளவாகப் பார்த்து வாங்குங்கள். கெட்டி அட்டைப் புத்தகமும் நல்லதே. எழுத்துக் கூட்டத் தெரியாத அக்காகூடப் படத்தைப் பார்த்துக் கதை சொல்லுவாள். அவளுக்கும் ஒரு வாத்தியார் உத்தியோகம் கிடைத்தாற்போல் இருக்கும்.

நம் பாட்டிமார் காலத்து மூன்று சக்கர நடைவண்டியும் இரண்டு பேருக்கு ஏற்றதுதான். தம்பி பின்னால் பிடித்துக் கொண்டு தள்ளுவான். அக்கா முன்னால் நின்று "வா, வா" என்று அழைப்பாள். பெரியவர் ஒருவர் கூடவே இருந்தால் போதும். ஆனால் குழந்தையை நடுவில் உட்கார வைத்து உருள விடும் 'வாக்கர்' என்ற வண்டியை மட்டும் வாங்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் வரவழைப்பதில்லை. படிக்கட்டில் உருண்டு மண்டையை உடைக்கிறது. 2004-ஆம் ஆண்டிலேயே கனடா தேசத்தில் அதன் விற்பனையைத் தடை செய்து விட்டார்கள்.

வாங்கும்போது கண் வேண்டும்

நம் நாட்டில் விற்கப்படும் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரி முதல் தேதியிலிருந்து அமுலில் இருக்கிறது. பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. மற்றபடி முத்திரையைப் பார்க்காமல் பையில் போடாதீர்கள்.

பொத்தான் மாதிரி வட்டமான பாட்டரி இருக்கிறதே, அதுதான் மகா பொல்லாதது. குழந்தை அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உணவுக் குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும், ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு ஓட வேண்டும். திறந்தால் பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டைக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கும்! அலங்காரத்துக்குக் கட்டும் ரப்பர் பலூனும் அப்படித்தான். வெடித்த துண்டுகளை உடனே பொறுக்கி எறிந்து விடச் சொல்லுங்கள்.

"பொம்மையெல்லாம் எதற்கு? வெள்ளியில் ஏதாவது கொடுத்தால் நிற்கும்" என்பது மாமிகளின் கட்சி. நியாயமான கட்சிதான். கிண்ணமாகக் கொடுங்கள், பருப்புச் சாதம் பிசைந்து ஊட்டலாம். சின்ன மோதிரமும், கழன்று விழும் சலங்கை வைத்த கொலுசும் வேண்டாம். அவை எங்கே போய்ச் சேரும் என்று முன்பே பார்த்தோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூத்த குழந்தைக்குப் படங்கள் ஒட்டிய ஆல்பம் இருக்கும். முதல் பல், முதல் மொட்டை எல்லாம் தேதி போட்டு. இரண்டாவது பிறந்ததும் யாருக்கு அவகாசம்? படமெல்லாம் டெலிபோனுக்குள்ளேயே தங்கி விடுகின்றன. மாதத்துக்கு ஒன்றாகப் 12 படங்களைக் கேட்டு வாங்கி, அச்சிட்டு, ஓர் ஆல்பம் செய்து கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே என்ன எழுதலாமென்று அக்காவையே கேளுங்கள். "தம்பி என் மூக்கைக் கடித்தான்" என்று அவள் சொன்னால் அப்படியே எழுதுங்கள். இருபது வருஷம் கழித்து அந்த வீட்டில் சண்டை போட்டுக் கொண்டு பார்க்கும் புத்தகம் அதுவாகத்தான் இருக்கும்.

கொடுப்பதிலும் ஒரு முறை

வாசற்படி ஏறியதும், எல்லாரும் செய்வது போல் நேரே குழந்தையிடம் போய் விடாதீர்கள். முதலில் அக்காவைக் கூப்பிடுங்கள். "தம்பிக்கு ஒரு வயசு ஆச்சு, நீ அக்காவாகியும் ஒரு வயசு ஆச்சு, தெரியுமா?" என்று கேளுங்கள். அவள் பெட்டியை அவள் கையில் கொடுங்கள். பிறகு தம்பியின் பொட்டலத்தைப் பிரிக்கும் அதிகாரத்தையும் அவளுக்கே கொடுத்து விடுங்கள். தம்பி ஆட்சேபிக்க மாட்டான். ஒரு வயதில் அவனுக்கு வேண்டியது பொட்டலத்தைக் கட்டிய காகிதந்தான்!