மயில்துத்தத்தில் நனைத்த கத்தி

பயிர்நோய்க்குப் பயன்படுத்தும் போர்டோ கலவை சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க விவசாயிகளிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு கிலோ மயில்துத்தத்தை, அதாவது செம்புச் சல்பேட்டை, பிளாஸ்டிக் தொட்டியில் 50 லிட்டர் தண்ணீர் விட்டுக் கரைப்பார்கள். ஒரு கிலோ சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரில் கரைத்து வைப்பார்கள். துத்த நீரைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கிவிட்டு, பளிச்சென்று தீட்டிய கத்தி ஒன்றை அதில் நனைத்து எடுப்பார்கள். கத்தி போன நிறத்திலேயே திரும்பினால் கலவை தயார். அலகில் செம்பு நிறம் ஏறியிருந்தால் சுண்ணாம்பு போதாது என்று அர்த்தம்.

எங்கள் ஊரான வேடசந்தூரில் 1948 முதல் புகையிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் புகையிலை நாற்றங்காலுக்கு நாற்றழுகல்தான் பெரிய பகை. அதற்கு இந்த நீலக் கலவையைத்தான் ஊற்றுவார்கள். அந்தக் கத்தியில் ஏறும் செம்பை நான் சிறுவயதில் வெறும் கறை என்றே நினைத்திருந்தேன். மாதிரிக் கப்பல் ஒன்றுக்குச் செம்புத் தகடு ஒட்ட உட்கார்ந்தபோதுதான் அதன் கதை எனக்குப் பிடிபட்டது.

எங்கள் ஊரில் குடகனாறு உண்டு, கடல் இல்லை. ஆனாலும் நான் தேர்ந்தெடுத்த கப்பலுக்குத் தமிழ் மண்ணின் பெயர். 1817 அக்டோபர் 12 அன்று பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார் தேக்கில் கட்டி நீரில் இறக்கிய ‘டிரிங்கோமலி’, அதாவது நம் திருகோணமலை. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் நிற்கிறது. அந்தப் போர்க்கப்பலின் பீரங்கித் தளம் சுமார் 150 அடி நீளம். 64-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 71 செ.மீ. மேசைக்கு அடங்கிவிடும்.

மரக்கப்பலுக்குச் செம்பு எதற்கு? பீரங்கிக் குண்டைத் தடுக்க அல்ல. வெப்பக் கடலில் கப்பல் புழு என்று ஒன்று இருக்கிறது. பெயர்தான் புழு, உண்மையில் அது மட்டியின் இனம். பலகைக்குள் புகுந்து சல்லடையாக்கிவிடும். அது போதாதென்று ஓடு போர்த்த அலசும் பாசியும் அடியில் ஒட்டிக் கப்பலின் வேகத்தைத் தின்னும். நம் கரைகளில் தோணிக்குப் புன்னை எண்ணெய் பூசியது மரத்தைக் காக்கத்தான். 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை செம்புத் தகட்டை முயன்று பார்த்தது. கடல்நீரில் செம்பு மிக மெல்லக் கரைகிறது. கரையும் செம்பு, ஒட்டிக்கொள்ள வரும் குஞ்சு உயிர்களுக்கு நஞ்சு. தகட்டின் மேற்பரப்பே உதிர்ந்துகொண்டிருப்பதால் வந்து ஒட்டியதும் பிடி கிடைக்காமல் போகிறது.

நாற்றங்காலில் நடப்பதும் இதுதான். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் என்ற நுண்ணுயிரின் வித்துகள் ஈரமண்ணின் நீரில் நீந்தித்தான் நாற்றின் தண்டைத் தேடி வருகின்றன. அலசின் குஞ்சு கடலில் நீந்திக் கப்பலைத் தேடி வருகிறது. இரண்டுக்கும் வழியில் செம்பு காத்திருக்கிறது. ஒரே உலோகம் கடலில் கப்பலையும் எங்கள் மேட்டுப்பாத்தியில் நாற்றையும் காத்தது என்பது இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

அப்படியானால் கத்தி? அதற்கு 1761-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ‘அலாரம்’ என்ற போர்க்கப்பலின் அடிக்குச் செம்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பினார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பியதைப் பார்த்தால், புழு தொடவில்லை, மரம் புதிதுபோல இருந்தது. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துக் கூழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் முழுசாக இருந்தன. ஏன் என்று பார்த்தால், தகடுகளைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் அந்த இடங்களில் கிழிபடாமல் செம்புக்கும் இரும்புக்கும் நடுவில் சிக்கியிருந்தது! உப்பு நீரில் இரும்பும் செம்பும் தொட்டுக்கொண்டால் இரும்பு தன் எலக்ட்ரான்களைச் செம்புக்குக் கொடுத்துவிட்டுத் தான் கரையும். கத்தியில் நடந்ததும் அதே கொடுக்கல் வாங்கல். அலகின் இரும்பு எலக்ட்ரானைக் கொடுத்துக் கரைகிறது. துத்த நீரில் இருந்த செம்பு அதை வாங்கிக்கொண்டு உலோகமாகி அலகில் படிகிறது. போர்டோ கலவையை இரும்புச் சட்டியில் போடக்கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

கடற்படை பிறகு ஆணிகளையும் செம்புக் கலவையில் வார்த்துச் சிக்கலைத் தீர்த்தது. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி என்ற வேதியியல் மேதை இதைத் தலைகீழாக யோசித்தார். இரும்பு அழிந்தால் செம்பு பிழைக்கிறதே, அப்படியானால் வேண்டுமென்றே கொஞ்சம் இரும்பையோ துத்தநாகத்தையோ பலி கொடுத்துச் செம்பைக் காப்பாற்றினால் என்ன? செய்து பார்த்தார்கள். செம்பு கரையவில்லை. கரையாததால் நஞ்சும் இல்லை, அடியெல்லாம் அலசும் பாசியும் மண்டிவிட்டன. மறு ஆண்டே அந்தத் துண்டுகளைக் கழற்றச் சொல்லிவிட்டது கடற்படை. டேவி தோற்றார் என்று இதை எழுதுவது நியாயமில்லை. இன்று எஃகுக் கப்பல்களின் அடியில் பொருத்தும் துத்தநாகக் கட்டிகள் அவர் யோசனைதான். காரைக்குடியில் 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோகம் இப்படி அரிபடும் அரிமானத்தைத் தன் முக்கிய ஆய்வுத் துறைகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

இனி மேசைக்கு வருவோம். நிஜத் தகடு 4 அடி நீளம், 14 அங்குல அகலம். 64-இல் ஒரு பங்கு என்றால் 19 மி.மீ.க்கு 5.5 மி.மீ. வண்ணக் கண்ணாடி வேலைக்கு விற்கும் ஒட்டும் செம்பு டேப் கிட்டத்தட்ட அதே அகலத்தில் கிடைக்கிறது. அதை 19 மி.மீ. துண்டுகளாக வெட்டிக்கொண்டால் போதும். எத்தனை துண்டு என்று கேட்காதீர்கள். 1780-இல் ‘விக்டரி’ என்ற பெரிய போர்க்கப்பலுக்கு அடித்த தகடுகள் சுமார் 3,900. மாதிரியில் அளவு சுருங்குமே தவிர எண்ணிக்கை சுருங்காது.

மரத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, வார்னிஷ் கொடுத்துக் காயவிட வேண்டும். வெறும் மரத்தில் பசை நிற்காது. கப்பலை ஆடாமல் நிறுத்தி, ஒரு கட்டையில் பென்சிலைப் படுக்கக் கட்டிச் சுற்றி நகர்த்தினால் நீர்மட்டக் கோடு விழும். தகடு ஒட்டுவதைப் பின்பக்கத்திலிருந்து, அடிக்கட்டையை ஒட்டித் தொடங்க வேண்டும். ஓடு வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி மேலே போவது எதற்காகவோ, அதற்காகவே இதுவும். முன்தகடு பின்தகட்டின் மேல் ஏறி நின்றால்தான் எதிரே வரும் தண்ணீர் ஓரத்தைக் கிளப்பாது. ஒட்டியதும் வழவழப்பான மூங்கில் குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்க வேண்டும்.

ஆணிப் புள்ளிக்குத் தையற்காரர் துணியில் கோடு போடும் பல்சக்கரத்தை எடுத்துக்கொண்டேன். முதல் வரிசையில் அழுத்தி ஓட்டிவிட்டேன். கப்பல் அடி வெந்த பலாத்தோல் மாதிரி ஆகிவிட்டது. நிஜ ஆணியின் தலை அரை அங்குலம் என்று வைத்தாலும் மாதிரியில் அது 0.2 மி.மீ.தான். மூச்சுக்காற்று பட்டதுபோலத் தெரிந்தால் போதும். அந்த வரிசை முழுவதையும் பிய்த்து மறுபடி ஒட்டினேன்.

கையுறை இல்லாமல் தொட்ட இரண்டு தகடுகளில் மூன்றே வாரத்தில் என் ரேகை பழுப்பாக எழுந்துவிட்டது. விரலின் உப்பும் ஈரமும் போதும் செம்புக்கு. அசிட்டோன் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுக் கப்பலை ஜன்னலோரம் வைத்திருக்கிறேன். புதுக்குடம் போல மின்னியது இப்போது வெல்லப்பாகு நிறத்துக்கு வந்திருக்கிறது. இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பளபளப்பு போகிறதே என்று செம்பின் மேல் வார்னிஷ் பூசிவிடாதீர்கள். காற்று படட்டும்.