கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது?

வலது இடுப்பில் வலி. கைத்தடியை எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலது கையில் என்றுதான் பலரும் சொல்வார்கள். வலிக்கிற பக்கத்துக்கு முட்டுக் கொடுப்பதுதானே முறை என்று தோன்றும். கோயில் பிராகாரத்திலும் பேருந்து நிலையத்திலும் தடியூன்றி வருபவர்களைக் கவனித்தால், நோவுள்ள காலின் பக்கமே தடியைப் பிடித்து, அந்தப் பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடப்பவர்கள் நிறையத் தெரிவார்கள். சரியான விடை இடது கை. ஏன் என்பது புரிந்துவிட்டால் பிறகு தடி கை மாறாது.

நடக்கும்போது இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. சாதாரண வேகத்தில் நடப்பவர் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு நேரம் ஒற்றைக் காலில்தான் நிற்கிறார். வலது கால் ஊன்றி இடது கால் காற்றில் இருக்கும் அந்தக் கணத்தில், உடலின் எடை வலது இடுப்பு மூட்டுக்கு நேர் மேலே இல்லை. உள்பக்கமாகத் தள்ளி இருக்கிறது. ஆகவே இடுப்பெலும்பு இடப்பக்கம் சரிந்து விழப் பார்க்கும். விழாமல் பிடித்து இழுப்பது வலது இடுப்பின் வெளிப்புறம் இருக்கும் குளூட்டியஸ் மீடியஸ் முதலான தசைகள். அவை வலுவிழந்தால் தூக்கிய காலின் பக்கம் இடுப்பு இறங்கிவிடும் என்பதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் டிரெண்டலன்பர்க் 1895-இல் விளக்கினார். இன்றும் எலும்பு மருத்துவர் நம்மை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து பார்ப்பது அந்தச் சோதனைதான்.

இதைக் கணக்காகப் போட்டுக் காட்டியவர் இன்னொரு ஜெர்மானியர், ஃபிரீட்ரிக் பாவல்ஸ். பூங்காவில் குழந்தைகள் ஏறி ஆடும் சீசாப் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். நடுக்கட்டை இருக்குமிடம் இடுப்பு மூட்டு. ஒரு புறம் உடல் எடை, மறுபுறம் தசை. உடல் எடை மூட்டிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இறங்குகிறது, தசையோ சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இழுக்கிறது. பாதித் தூரத்தில் இருப்பதால் அது இரண்டு மடங்கு இழுத்தாக வேண்டும்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஊன்றிய காலைக் கழித்தால் மூட்டின் மேல் இறங்குவது சுமார் 50 கிலோ. அதைச் சமன் செய்யத் தசை 100 கிலோ இழுக்க வேண்டும். நடுக்கட்டை இரண்டையும் சேர்த்துத்தான் தாங்கும். 150 கிலோ! உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு. மூட்டைத் தேய்க்கும் சுமையில் பெரும்பங்கு நம் எடை அல்ல, நம் தசையின் இழுப்பு. இந்தப் பொருளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இடுப்பு வலிக்காரர்களுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

காகிதத்தில் போட்ட கணக்கு உடம்புக்குள் சரியாக இருக்குமா? பெர்லினில் கியோர்க் பெர்க்மன் குழுவினர் அதை நேரடியாகவே அளந்தார்கள். செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளேயே விசையை உணரும் கருவியும் ஒரு சிறு டிரான்ஸ்மிட்டரும் வைத்து நோயாளிகளுக்குப் பொருத்தினார்கள். அவர்கள் நடக்க நடக்க, மூட்டின் மேல் விழும் சுமை வெளியே பதிவாயிற்று. 2001-இல் வெளியான அளவுகளின்படி, மணிக்கு 4 கி.மீ. வேகத்தில் நடக்கையில் மூட்டின் உச்சச் சுமை சராசரியாக உடல் எடையின் 238%. படி ஏறுகையில் 251%, இறங்குகையில் 260%. அதற்கு முன் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், தற்செயலாகக் கால் தடுக்கிய கணங்களில் அது ஏழெட்டு மடங்குக்கு மேல் எகிறியது பதிவாகியிருந்தது. விழாமல் தப்பித்தாலும் தசைகள் திடீரென்று மொத்தமாக இறுகிவிடுவதே காரணம். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் மிதியடி சுருண்டு கிடந்தால் எனக்குப் பதறுகிறது.

இப்போது தடிக்கு வருவோம். வலது இடுப்பு நோகிறவர் இடது கையில் தடியைப் பிடித்து, வலது கால் ஊன்றும் அதே கணத்தில் 5 கிலோ அளவுக்கு அழுத்துகிறார். அந்தக் கை வலது மூட்டிலிருந்து ஏறத்தாழ 40 செ.மீ. தள்ளி இருக்கிறது. சரியப் பார்க்கும் இடுப்பை அவ்வளவு தொலைவிலிருந்து தாங்குவதால் சிறு அழுத்தமும் பெரிய உதவி. தசை 100 கிலோவுக்குப் பதில் 60 கிலோ இழுத்தால் போதும். மூட்டின் சுமை 150-லிருந்து 105-க்கு இறங்குகிறது. அசையாமல் நிற்கும் நிலைக்கான கணக்கு இது; நடையில் இவ்வளவு மிச்சமாகாது. தடியை எவ்வளவு அழுத்துகிறோம், காலோடு சேர்த்து ஊன்றுகிறோமா என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் போக்கு அதுவே. அமெரிக்காவின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொனால்ட் நியூமன், செயற்கை மூட்டு பொருத்தியவர்களின் தசை மின்னலைகளை அளந்து 1998-இல் வெளியிட்டார். எதிர்க் கையில் தடியை நன்றாக அழுத்தி நடந்தபோது இடுப்புத் தசையின் வேலை சுமார் 40% குறைந்தது.

நோவுள்ள பக்கமே பிடித்தால்? தடி தரும் தாங்கல் மூட்டுக்கு வெளிப்பக்கமாக வந்து, இடுப்பை ஏற்கெனவே சரிகிற திசையிலேயே இன்னும் தள்ளும். தசையின் வேலை குறையாது, கூடவும் கூடும். அதைத் தவிர்க்கத்தான் உடல் தானாகவே தடியின் பக்கம் சாய்கிறது. அந்தச் சாய்நடையை நாள் முழுக்க நடந்தால் முதுகு நோகத் தொடங்கும்.

இதே கணக்கு பைக்கும் பொருந்தும். வலது இடுப்பு நோகிறவர் 5 கிலோ காய்கறிப் பையை இடது கையில் தூக்கினால், மூட்டின் சுமை 150-லிருந்து 195 கிலோவாகிறது. அதே பை வலது கையில் இருந்தால் சுமார் 135-தான். வெறுங்கையோடு நடப்பதைவிடவும் குறைவு. தடி எதிர்க் கையில், பை நோவுள்ள பக்கத்துக் கையில். உடல் எடையில் 5 கிலோ குறைந்தாலும் ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு 12 கிலோவுக்கு மேல் மிச்சம்.

முழங்கால் தேய்மானத்துக்கும் தடி எதிர்க் கையில்தான். தடியை நிறுத்தி வைத்து, செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிட்டால், பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு வர வேண்டும். ஊன்றுகையில் முழங்கை லேசாக மடங்கியிருக்கும். உயரமான தடி தோளை ஏற்றிவிடும், குட்டைத் தடி முதுகைக் கூனாக்கும். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து வழவழப்பானால் உடனே மாற்றுங்கள். ஈரத் தரையில் பிடிமானம் அதுதான். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் நோவுள்ள காலும் முதலில். இரண்டு பக்கமும் வலிப்பவருக்கும், அறுவை முடிந்த புதிதில் இருப்பவருக்கும் ஒற்றைத் தடி போதாது. வாக்கரா, இரண்டு கட்டைகளா என்பதைப் பிசியோதெரபிஸ்ட் பார்த்துச் சொல்ல வேண்டும்.

தடி என்றாலே முதுமை வந்துவிட்டது என்று வெட்கப்பட்டு மூலையில் சாய்த்துவிடுகிறவர்கள் எங்கும் உண்டு. 1956-இல் அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட், கைத்தடியை எறிந்துவிடாதீர்கள் என்றே தலைப்பிட்டு மருத்துவ இதழில் எழுதினார். வெட்கத்தைத் தாண்டியவர்களையும் முதல் சில வாரங்கள் சோர்வு தடுக்கும். பிரேசிலின் சாவோ பாலோவில் முழங்கால் தேய்மானம் உள்ள 64 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தடி பிடித்தவர்களுக்கு முதல் மாதம் நடக்கக் கூடுதல் சக்தி செலவானது. இரண்டாம் மாதத்துக்குள் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது, வலியும் குறைந்திருந்தது. தடி பழகவில்லை, இன்னும் களைப்பாக இருக்கிறது என்று பத்தாம் நாளே அதை ஒதுக்கிவைக்கும் அப்பாவிடமோ அத்தையிடமோ இந்த இரண்டு மாதக் கணக்கைச் சொல்லுங்கள்.