கந்தக பூமியும் கடற்கரை விடுமுறையும்: சிறார் விளையாட்டுக்கான காலம் குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

குடும்பங்கள் தங்கும் கடற்கரை விடுதிகளில் சிறார்க்கென ஒழுங்கமைக்கப்படும் விளையாட்டு நிகழ்ச்சிகள் பெரும்பாலும் சுற்றுலாத் துறையின் ஒரு சேவையாகவே நோக்கப்படுகின்றன. அவை பெற்றோரின் ஊதியத்துடன் கூடிய விடுமுறையை அடித்தளமாகக் கொண்டவை என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகிறது. அவ்வடித்தளம் அமையாத விருதுநகர், சிவகாசிப் பட்டாசு வட்டாரத்தில் குழந்தையின் ஓய்வுக்காலத்தைத் தொழிலும் சட்டமும் எவ்வாறு கணக்கிட்டன என்பதைப் பட்டினப்பாலை, பாவாணரின் விளையாட்டுத் தொகுப்பு, நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியவற்றின் துணையுடன் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: சிறார் விளையாட்டு, விடுமுறை, உவவு, பட்டாசுத் தொழில், சிவகாசி, குழந்தைத் தொழிலாளர் சட்டம்.

முன்னுரை

கடற்கரை விடுதி ஒன்றில் பெற்றோருடன் தங்கும் குழந்தையின் நாள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. குழந்தைகள் வயது வாரியாகப் பிரிக்கப்படுகின்றனர். காலையில் மணற்கோட்டை கட்டுதல், கிளிஞ்சல் பொறுக்குதல். வெயில் ஏறியதும் நிழலில் வண்ணம் தீட்டுதல், கதை கேட்டல். மாலையில் புதையல் தேடும் விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் நேரமும் பொறுப்பாளரும் உண்டு. குழந்தை விளையாடும் அந்த நேரத்தில் பெற்றோரும் ஓய்வெடுக்கின்றனர். குழந்தையின் பொழுதும் பெற்றோரின் பொழுதும் ஒரே இடத்தில், ஒரே நாளில், ஒருசேர விடுபட்டிருப்பதே இவ்வமைப்பின் முதல் தேவை. மணலும் பொம்மையும் அதற்குப் பின்னரே வருகின்றன.

விருதுநகர் மாவட்டத்திற்குக் கடற்கரை கிடையாது. 1985ஆம் ஆண்டு பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டபோது கடல் கிழக்கே நின்றுவிட்டது. கரிசலும் கந்தகமும் இப்பக்கம் வந்தன. கடலில்லாத மாவட்டத்தைக் கடற்கரை விளையாட்டு பற்றிய கட்டுரைக்குக் களமாக்குவது ஏன் என்னும் வினா எழலாம். பிற குழந்தைகளின் கொண்டாட்டத்திற்கு வேண்டிய மத்தாப்பும் சரவெடியும் இங்கிருந்தே செல்கின்றன. ஞாயிறும் பண்டிகை நாளும் சிவப்பு எழுத்தில் அச்சிடப்பட்ட நாட்காட்டிகளும் இவ்வூர் அச்சகங்களிலிருந்தே தமிழகத்தின் சுவர்களுக்குச் செல்கின்றன. பிறர்க்கு விடுமுறையின் கருவிகளைச் செய்து கொடுக்கும் ஊரில் விடுமுறை என்னவாக இருக்கிறது என்பது விளையாட்டு ஆய்வாளர் எதிர்கொள்ள வேண்டிய வினாவாகும்.

விடுமுறையின் பிறப்பு

சிறார்க்கான விடுதி நிகழ்ச்சிகளின் வரலாறு தொழிலாளர் சட்ட வரலாற்றிலிருந்து பிரிக்க இயலாதது. பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டு தொழிலாளர்க்கு இரண்டு வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு சட்டமாயிற்று. அதே ஆண்டில் இங்கிலாந்தின் ஸ்கெக்னஸ் கடற்கரையில் பில்லி பட்லின் தம் முதல் விடுமுறை முகாமைத் திறந்தார். 1938இல் அந்நாட்டிலும் ஊதிய விடுப்புச் சட்டம் வந்தது. ஆலைத் தொழிலாளர் குடும்பங்களே அம்முகாம்களுக்குத் திரண்டன. 1950இல் கிளப் மெட் தோன்றியது. 1960களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் குழந்தைகளுக்கென ‘மினி கிளப்’ என்னும் அமைப்பை ஏற்படுத்தியது. இன்று மாமல்லபுரம் சாலையிலும் கோவளத்திலும் காணப்படும் சிறார் நிகழ்ச்சிகள் அம்மரபின் கிளைகளே. முதலில் விடுப்பு, பிறகு பயணம், அதன் பின்னரே குழந்தைக்கான நிகழ்ச்சி நிரல் என்பது இவ்வரலாறு காட்டும் வரிசை.

உவவு நாளின் கடற்கரை

இவ்வரிசை ஐரோப்பாவிற்கே உரியதன்று. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை இதனை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது. முழுநிலா நாளில் பரதவர் கடல்வேட்டத்திற்குச் செல்லாமல் தொழில் ஒழிந்திருக்கின்றனர். சுறவுக்கோடு நட்டு வழிபடுகின்றனர். தம் மகளிரோடு உண்டு ஆடுகின்றனர். அதன் தொடர்ச்சியாகவே கடலாடுதலும், அலவனாட்டலும், அலையில் புகுந்து விளையாடலும், பாவை செய்து சூழ்தலும் சொல்லப்படுகின்றன. உரையாசிரியர்களும் பிற்கால ஆய்வாளர்களும் இப்பகுதியை நெய்தல் நில வளத்திற்கும் பூம்புகாரின் செழிப்பிற்கும் சான்றாகக் கொண்டனர். புலவர் விளையாட்டுகளைப் பட்டியலிடுவதற்கு முன் வேலை நிறுத்தப்பட்டதைச் சொல்வது கருதத்தக்கது. தொழிலாளியின் ஓய்வுநாளே கடற்கரை விளையாட்டின் வாயிலாகிறது. மேலும், அங்கே விளையாட்டு சிறார்க்கெனப் பிரித்து ஒதுக்கப்படவில்லை. நண்டை விரட்டுவது பெரியோர்க்கும் உரிய பொழுதுபோக்காக இருக்கிறது.

அதே பாட்டில் செல்வர் இல்லத்துப் புதல்வர் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரும் இடம்பெறுகிறது. சிறுதேர் பின்னர்ப் பிள்ளைத்தமிழின் ஆண்பாற் பருவங்களுள் ஒன்றாயிற்று. சிற்றிலும் சிறுபறையும் அதனோடு சேர்ந்தன. இலக்கியம் போற்றிப் பருவமாக்கிய விளையாட்டு, பொழுது தடையின்றிக் கிடைத்த வீட்டுக் குழந்தையின் விளையாட்டே என்பது என் கருத்து. அக்குழந்தை எப்போது விளையாடியது என்று கேட்கப் பிள்ளைத்தமிழுக்குத் தேவை ஏற்படவில்லை.

அக்கேள்வியை மறைமுகமாகவேனும் எழுப்பியவர் தேவநேயப் பாவாணர். 1954இல் வெளிவந்த அவருடைய ‘தமிழ்நாட்டு விளையாட்டுகள்’ என்னும் நூல் விளையாட்டுகளை ஆண்பால், பெண்பால், இருபால் எனப் பிரிப்பதோடு, பகலாட்டு, இரவாட்டு, இருபொழுதாட்டு எனப் பொழுதின் அடிப்படையிலும் பகுக்கிறது. நாட்டார் வழக்காற்றியலில் இப்பகுப்பு போதிய அளவு பயன்படுத்தப்படவில்லை. பகல் முழுதும் ஆலைக்குள் இருக்கும் குழந்தைக்குப் பகலாட்டு எனும் பகுதி முழுவதும் இல்லாமற் போகிறது என்பதைப் பாவாணரின் பகுப்பைக் கொண்டே சொல்லிவிடலாம்.

சேராத இரு நாட்காட்டிகள்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து இவ்வட்டாரத்தின் தொழில் வரலாறு சொல்லப்படுவது வழக்கம். மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்நிலம் தீப்பெட்டிக்கும் பின்னர்ப் பட்டாசுக்கும் ஏற்றதாயிற்று. வேளாண்மைக்குக் கேடான வானிலை ஆலைக்கு நலமாக அமைந்ததால், கோடை இங்கே உற்பத்திக்குரிய பருவமாயிற்று. தீபாவளியை நோக்கி ஆண்டு முழுவதும் வேலை ஏறிச் செல்லும். தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரங்கள் மூடப்படும்.

பள்ளியின் நாட்காட்டி இதற்கு நேர் எதிரானது. நீண்ட விடுமுறை ஏப்ரல் இறுதியிலிருந்து மே முழுவதும் நீள்கிறது. ஆலை ஓயும் ஐப்பசி, கார்த்திகையில் பள்ளி நடைபெறுகிறது. ஆகவே குழந்தைக்குப் பொழுது இருக்கும்போது பெற்றோர் ஆலையில் இருக்கின்றனர். பெற்றோர்க்குப் பொழுது வரும்போது குழந்தை வகுப்பில் இருக்கிறது. விடுதிகளின் சிறார் நிகழ்ச்சிகள் எந்த ஒருசேர விடுபட்ட பொழுதை நம்பி நிற்கின்றனவோ, அது இவ்வட்டாரத்தின் ஆண்டில் அரிது. வருமானக் குறைவு மட்டுமே இதற்குக் காரணமெனக் கருதுவது பிழையாகும். நாட்காட்டியின் கட்டமைப்பே காரணமாகிறது.

தீபாவளிக்குப் பிந்தைய அந்த ஓய்வையும் விடுமுறை எனக் கூறத் தயக்கம் ஏற்படுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஓராண்டில் 240 நாள் பணிபுரிந்தவர்க்கு 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் ஊதிய விடுப்பு அளித்தது. பணிபுரியும் சிறார்க்கு அவ்வீதம் 15 நாளுக்கு ஒரு நாள் என வகுத்திருப்பது, சட்டம் இயற்றியோர் குழந்தையின் ஓய்வுத்தேவை மிகுதி என்பதை அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. ஆயினும் உருப்படிக் கூலிக்கு வேலை செய்பவர், கை ஓய்ந்தால் கூலியும் ஓய்ந்தது என்றே உணர்வர். 2018 அக்டோபர் 23ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பட்டாசு குறித்த கட்டுப்பாடுகளை விதித்த பின், அவ்வாண்டின் இறுதியில் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. பெற்றோர் வீட்டில் இருந்தனர். குழந்தைகளும் மாலைதோறும் வீட்டில் இருந்தனர். ஊதியமில்லாத அந்த ஓய்வை எவரும் விடுமுறை என அழைக்கவில்லை.

சட்டம் பகுத்த குழந்தையின் நாள்

1980களில் இவ்வட்டாரத்துக் குழந்தைகள் விடியலுக்கு முன்னரே ஆலை வாகனங்களில் ஏற்றிச் செல்லப்பட்டதும், தீக்குச்சிகளைச் சட்டங்களில் அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளில் அமர்த்தப்பட்டதும் விரிவாகப் பதிவு பெற்றவை. சலம் பென்னூர்கரின் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் 1990ஆம் ஆண்டு ஆவணப்படம் அவற்றுள் ஒன்று. அவற்றை மீண்டும் விவரிப்பது இங்கு நோக்கமன்று. அக்குழந்தையின் நாளை நீதிமன்றமும் சட்டமும் எவ்வாறு பகுத்தன என்பதே கவனத்திற்குரியது.

எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு என்னும் வழக்கில் 1990 அக்டோபர் 31ஆம் நாள் உச்ச நீதிமன்றம் முதல் தீர்ப்பை வழங்கியது. உற்பத்தி நடைபெறும் இடத்திலிருந்து விலகிய சிப்பம் கட்டும் வேலையில் குழந்தைகளை ஈடுபடுத்தலாம் என அது கருதியது. அவர்களுக்குக் கல்வி, பொழுதுபோக்கு, பிறரோடு கூடிப் பழகும் வாய்ப்பு ஆகியவை வேண்டும் என்றும் கூறியது. இவ்வட்டாரக் குழந்தையின் பொழுதுபோக்கை ஒரு தேவையாகப் பெயர் சொல்லிக் குறித்தமையால் அத்தீர்ப்பு குறிப்பிடத்தக்கது. எனினும் அடுத்த வாக்கியமே, வேலை பாதிக்கப்படாத வகையில் பள்ளி நேரம் அமைய வேண்டும் எனப் பணித்தது. வேலைநேரம் அசையாதது, பள்ளி அதற்கேற்ப நகர வேண்டும், பொழுதுபோக்கு எஞ்சிய இடத்தில் நிற்க வேண்டும்.

1996 டிசம்பர் 10ஆம் நாள் வழங்கப்பட்ட இரண்டாம் தீர்ப்பு பெரிதும் மாறுபட்டது. தீங்கு பயக்கும் தொழிலில் குழந்தையை அமர்த்திய முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. குழந்தைக்கு மாற்றாகக் குடும்பத்தில் வயது வந்த ஒருவர்க்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும் எனவும் கூறியது. தீங்கற்ற வேலைகளைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு மேற்படாத வேலை, குறைந்தது இரண்டு மணி நேரக் கல்வி என வரையறுத்தது. வேலைக்கு உச்ச அளவும் கல்விக்குக் குறைந்த அளவும் குறிக்கப்பட்டன. விளையாட்டுக்கு எந்த அளவும் குறிக்கப்படவில்லை.

1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் குழந்தைகளைத் தடைசெய்தபோதே, குடும்பத்தார் துணையுடன் நடத்தும் பட்டறைகளுக்கு விலக்கு அளித்தது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலிருந்தும் விலக்கியது. தீங்கு பயக்கும் தொழில்களில் குடும்ப விலக்கையும் நீக்கியது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் தீங்கற்ற குடும்பத் தொழிலில் குழந்தை உதவலாம் என அனுமதிக்கும் பிரிவு, அவ்வுதவிக்குரிய காலத்தையும் சொல்கிறது: பள்ளி நேரத்திற்குப் பின்னர், அல்லது விடுமுறையில். பெரியவர்க்கு விடுமுறை என்பது வேலையற்ற நாள். குழந்தைக்கோ, சட்டத்தின் சொற்களில், வேலை செய்யத்தக்க நாளாக அது மாறிவிடுகிறது. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 31ஆம் உறுப்பில் ஓய்வையும் விளையாட்டையும் குழந்தையின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 1992இல் அதனை ஏற்றது. அவ்வுறுப்பையும் மேற்கூறிய பிரிவையும் அருகருகே வைத்துப் படிப்போர் முரணை எளிதில் காண்பர்.

சிறப்புப் பள்ளிகள்

1987ஆம் ஆண்டுத் தேசியக் கொள்கையைத் தொடர்ந்து 1988இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் முதற்களங்களுள் சிவகாசியும் ஒன்று. வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகள் சிறப்புப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டனர். இணைப்புக் கல்வி, மதிய உணவு, தொழிற்பயிற்சி, மருத்துவ மேற்பார்வை ஆகியவற்றோடு மாத உதவித்தொகையும் வழங்கப்பட்டது. 100 ரூபாயாக இருந்த அத்தொகை 150 ஆகி, பின்னர் 400 ரூபாயாக உயர்ந்தது. இத்திட்டம் 2021இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துடன் இணைக்கப்பட்டது.

உதவித்தொகை குழந்தை இழந்த கூலிக்கு ஈடு. தொழிற்பயிற்சி பின்னாளில் ஈட்டப்போகும் கூலிக்கு முன்னேற்பாடு. மீட்கப்பட்ட பின்னும் குழந்தையின் பொழுது கூலிக் கணக்கிலேயே எழுதப்பட்டது. ஆட்டமும் பாட்டும் அங்கு இல்லாமலில்லை. நாள் முழுதும் ஒரே வேலையை ஒரே நிலையில் அமர்ந்து செய்து பழகிய பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைப்பதற்கு ஆசிரியர்க்கு அதைவிட எளிய வழி ஏது? ஆனால் அவ்வாட்டம் கற்பித்தலின் உத்தியாகவே மதிப்புப் பெற்றது. கடற்கரை விடுதியில் விளையாட்டே நோக்கம். இங்கு வருகைப்பதிவைக் காக்கும் கருவி. சிறார்க்கு ஒழுங்கமைக்கப்படும் நிகழ்ச்சிகளை ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆற்றுமணலும் கடற்கரையும்

இன்று ஆலைகளுக்குள் குழந்தைகளைக் காண்பது பெரிதும் அருகிவிட்டது. எனினும் பெற்றோரும் குழந்தையும் ஒருசேர விடுபடும் நாள்களை இன்றும் பெரும்பாலும் கோயில்களே தருகின்றன. விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலின்போது நகரே தொழில் மறந்திருக்கும். பொருட்காட்சித் திடலில் இராட்டினம் சுற்றும். ஆடி மாதத்தில் சாத்தூரை அடுத்த இருக்கன்குடிக்குக் குடும்பங்கள் திரளும். அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சூழ்ந்த அவ்விடத்தில், பெரியவர் பொங்கலிடுகையில் குழந்தைகள் ஆற்றுமணலில் குழி தோண்டுவதைக் காணலாம். சிற்றில் இழைத்தலின் எச்சத்தைத் தேடும் ஆய்வாளர் நெய்தல் நிலத்திற்குச் செல்ல வேண்டியதில்லை.

கடல் வேண்டுமெனில் திருச்செந்தூர் இருக்கிறது. முடியிறக்கவும் காது குத்தவும் இவ்வட்டாரத்தார் அங்கே செல்வர். தைப்பூசத்திற்குப் பாதயாத்திரையாகவும் செல்வர். குழந்தைகள் பலர் கடலை முதன்முதலாகக் காண்பது அங்கேதான். அவர்களை வயது வாரியாகப் பிரிப்பார் இல்லை. நிகழ்ச்சி நிரலும் இல்லை. மாமன் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் நிற்பதும், ஈரமணலில் நண்டு ஓடிய வளையைத் துழாவுவதும், ஆச்சி அழைக்கும்வரை கரையேற மறுப்பதும் அவர்தம் நிகழ்ச்சிகள். பரதவரின் உவவு நாளைப் போல இங்கும் வழிபாட்டின் பெயரால்தான் வேலை நிற்கிறது. ஆனால் உவவு நாள் மாதந்தோறும் வந்தது. இவர்களோ அன்றிரவே வண்டியேறுகின்றனர். மறுநாள் காலை ஆலை வண்டி ஊருக்குள் வந்துவிடும்.