பிக்கப் எங்கே இருக்கிறது?

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு வண்டியைப் பற்றி இரண்டே கேள்விகள்தான். மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி. இந்தப் 'பிக்கப்' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்னென்னவோ பொருள் இருக்கலாம். நமக்கு ஒரே பொருள்தான். சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி எப்படிக் கிளம்புகிறது, லாரியைத் தாண்ட ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகை எப்படித் தள்ளுகிறது. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வரை போகும் என்பது வேறு கணக்கு. அது வேகம். பிக்கப் என்பது வேகம் பிடிக்கும் வேகம்.

அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகனிடம் 1992-இல் செய்த ஒரு சிவப்பு மஸ்டா மியாட்டா இருக்கிறது. இரண்டே இருக்கைகள், துணிக் கூரை, கண் இமைபோல் மேலே எழும் முகப்பு விளக்குகள். போன கோடையில் அங்கே போயிருந்தபோது அதன் பிக்கப்பைக் கூட்டுவதற்காக அவன் செய்துகொண்டிருந்த வேலைகளுக்கு நான் எடுபிடி. ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது, டார்ச் அடிப்பது, நடுவில் கணக்குப் போடுவது. அந்தக் கணக்குகள்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வண்டி. மஸ்டா எம்எக்ஸ்-5 என்பது இதன் பொதுப்பெயர். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் அப்போது யூனோஸ் ரோட்ஸ்டர். பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979-இல் மஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவைச் சந்தித்தபோது, பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களைப் போல எடை குறைந்த, பின்சக்கரம் இழுக்கும் வண்டி ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். அது வளர்ந்து 1989-இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் வெளியானது. 2016-இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய் பிடித்துக்கொண்ட மந்திரம் 'ஜின்பா இட்டாய்': குதிரையும் அதில் ஏறியவனும் ஒன்றாவது. கியர்பாக்ஸையும் பின்புற டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இணைத்துவிட்டார்கள். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் நடுவில் எதுவும் முறுக்கிக்கொண்டு தாமதிப்பதில்லை. மிதி நேரே சக்கரத்துக்குப் போகிறது.

இவ்வளவு புகழ் பெற்ற வண்டியின் இன்ஜின் 1,597 சிசிதான். அமெரிக்க வண்டியில் சுமார் 116 குதிரைத் திறன். இன்றைக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் சாதாரண கார் பல, காகிதத்தில் இதைவிடப் பலசாலி. மியாட்டா ஓட்டுகிறவர்களுக்கு இதனால் ஒரு நிரந்தரக் குறை. எப்படியாவது இன்னும் கொஞ்சம்.

அந்தக் 'கொஞ்சம்' எங்கிருந்து வரும்? இன்ஜினிலிருந்து என்பதுதான் எல்லோரும் உடனே சொல்லும் பதில். பாதிதான் சரி. இன்ஜின் கொடுக்கும் முறுக்கு விசையைக் கியர்கள் பெருக்குகின்றன. சக்கரத்தின் அளவு அதை வகுக்கிறது. டயர் அதைத் தரையிடம் ஒப்படைக்கிறது. கடைசியில் வண்டியின் எடை அதை இன்னொரு முறை வகுக்கிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியைத் தொட்டாலும் பிக்கப் மாறும்.

நம்மூரில் ஆர்எக்ஸ் 100 வைத்திருந்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்சக்கரத்து ஸ்ப்ராக்கெட்டில் பல்லைக் கூட்டிப் போட்டால் வண்டி துள்ளிக் கிளம்பும், டாப் ஸ்பீடு இறங்கும். மியாட்டாவில் அந்த ஸ்ப்ராக்கெட்டின் வேலையைச் செய்வது கிரவுன்-பினியன். பின் ஆக்சில் நடுவில், டிஃபரன்ஷியல் என்ற உருண்டைப் பெட்டிக்குள், 43 பல் கொண்ட பெரிய கிரவுன் சக்கரமும் 10 பல் கொண்ட சிறிய பினியனும். 43-ஐ 10-ஆல் வகுத்தால் 4.3. கியர்பாக்ஸிலிருந்து வரும் விசை இங்கே இன்னொரு முறை 4.3 மடங்காகிறது.

இதை 4.78 ஆக்கினால், அதாவது 43 பல்லுக்கு 9 பல் பினியன் போட்டால், எல்லாக் கியரிலும் இழுவை 11 சதவீதம் கூடும். இன்ஜினில் ஒரு திருகைக்கூடத் தொடவில்லை. விலை என்ன? 4.3-இல் ஐந்தாவது கியரில் மணிக்கு 100 கிலோமீட்டர் போகும்போது இன்ஜின் ஏறக்குறைய 3,200 சுற்றில் ஓடும், 4.78-இல் அது 3,600 ஆகிவிடும். மூன்று மணி நேர நெடுஞ்சாலைப் பயணத்தில் காதுக்குள் ஒரு வண்டு குடியிருப்பதுபோல்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்கர்கள் பிக்கப்பை அளப்பது 0-விலிருந்து மணிக்கு 60 மைல் தொட எத்தனை விநாடி என்று. 60 மைல் என்றால் சுமார் 97 கிலோமீட்டர். 4.3 கிரவுன் உள்ள மியாட்டா, இரண்டாவது கியரில் 7,000 சுற்று வரை இழுத்தால் போவது 93 கிலோமீட்டர்தான். எல்லைக் கோட்டுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் கிளட்ச் மிதித்து மூன்றாவது கியர் போட வேண்டும். அந்த ஒரு கியர் மாற்றத்தில் கால் விநாடிக்கு மேல் போய்விடும். பத்திரிகைகள் வெளியிடும் விநாடிக் கணக்கை நான் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்கியது இது தெரிந்த பிறகுதான்.

அடுத்து எடை. இந்த வண்டி சுமார் 960 கிலோ. ஓட்டுநரோடு ஆயிரத்தைத் தாண்டும். 50 கிலோ குறைத்தால் பிக்கப் ஐந்து சதவீதம் கூடும். அதே ஐந்து சதவீதத்தை இன்ஜினில் தேடினால் ஆறு குதிரையைக் கூட்ட வேண்டும். அதற்குச் செலவு அதிகம். ஸ்டெப்னி, ஜாக்கி, ஏசி, தரைவிரிப்பு என்று ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார்கள். தம்பி ஏசியைக் கழற்றியிருந்தான். ஜூலை மாதம். வியர்த்துக்கொட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "அண்ணா, இப்ப இந்த வண்டியில பெரிய எடை நீங்கதான். இறங்கிட்டீங்கன்னா ஏழு பர்சென்ட்" என்றான்.

சுற்றுகிற எடைக்குத் தனிக் கணக்கு. இன்ஜினின் பின்முனையில் இருக்கும் ஃப்ளைவீல், வண்டி வேகம் பிடிக்கும்போது தானும் சுழற்சி வேகம் பிடித்தாக வேண்டும். இன்ஜின் விசையில் ஒரு பங்கை அது தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. இந்தச் சுமை கியர் விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முதல் கியர் 3.136, நான்காவது 1. வர்க்கம் போட்டால், நான்காவது கியரைப் போல முதல் கியரில் கிட்டத்தட்ட பத்து மடங்கு பாரம். அதனால்தான் ஃப்ளைவீலில் நாலு கிலோ இழைத்தெடுத்தால் முதல் கியரில் ஓர் ஆளையே இறக்கிவிட்டதுபோல் தெரிகிறது, நாலாவது கியரில் ஒன்றுமே தெரிவதில்லை. ஆனால் ஃப்ளைவீலின் கனம்தான் வண்டி நின்று கிளம்பும்போது இன்ஜின் அணைந்துபோகாமல் காக்கிறது. இழைத்த ஃப்ளைவீலோடு நெரிசலில் ஓட்டுகிறவரின் இடது காலைக் கேட்டால் கதை கதையாகச் சொல்லும்.

இதற்கு நேர் எதிரான காரியத்தையும் பலர் ஆசையாகச் செய்கிறார்கள். 14 அங்குலச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு 17 அங்குலத்தில் பளபளவென்று ஒன்றைப் போடுகிறார்கள். சக்கரம் கனம், டயரின் வெளிவிட்டமும் கூடிவிட்டால் கிரவுனில் பல் குறைந்த மாதிரி. பார்க்க வேகமாக இருக்கும் வண்டி, ஓட்டினால் மெதுவாக இருக்கும்.

காசே செலவில்லாத ஒரு வித்தையை அன்று மாலை கண்ணால் பார்த்தேன். பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறி, பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே விழ வேண்டும். மஸ்டா வைத்திருந்தது 10 பாகை முன்பு. சாதாரணப் பெட்ரோலிலும் பிசகக்கூடாது என்பதற்கான பத்திரமான இடம் அது. ஆக்டேன் கூடிய பெட்ரோல் போடுகிறவர்கள் 14 பாகைக்கு நகர்த்திக்கொள்கிறார்கள்.

இன்ஜினைச் சூடாக ஓடவிட்டு, பானட்டுக்குள் இருக்கும் டயக்னாஸ்டிக் பெட்டியின் மூடியைத் திறந்தான். உள்ளே வரிசையாகத் துளைகள். அதில் இரண்டை ஒரு சிறு கம்பியால் இணைத்தான். முதல் பிளக் ஒயரில் டைமிங் லைட்டைக் கவ்வ வைத்து, முன்புறப் புல்லியின் மேல் ஒளியை அடிக்கச் சொன்னான். ஒவ்வொரு பொறிக்கும் ஒரு மின்னல். நிமிடத்துக்கு எண்ணூறு சொச்சம் முறை சுழலும் புல்லி, அந்த மின்னலில் அப்படியே உறைந்து நின்றது. அதன் விளிம்பிலிருந்த வெள்ளைக் கீறல் 10-க்கு நேராக நடுங்கிக்கொண்டிருந்தது. சிலிண்டர் ஹெட்டின் பின்னால், கை நுழையாத இடுக்கில், கேம் கோணத்தை அளக்கும் சென்சார். 12 எம்எம் போல்ட் ஒன்றைத் தளர்த்தி அதை அரிசி அளவு திருகினான். கீறல் மெல்ல நகர்ந்து 14-இல் நின்றது. போல்ட்டை இறுக்கினான். அவ்வளவுதான், புறங்கையில் இரண்டு சிராய்ப்பு மட்டும் மிச்சம்.

மறுநாள் ஓட்டியபோது கீழ்ச் சுற்றுகளில் வண்டி கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தது. பெரிய மாற்றமென்று சத்தியம் செய்ய மாட்டேன். இதில் ஓர் ஆபத்து உண்டு. தீப்பொறி மிக முன்னதாக விழுந்தால், எரியாத பெட்ரோல் கலவை மூலையில் தானாக வெடிக்கும். சுத்தியால் தட்டுவதுபோல் 'டக் டக்' என்று கேட்கும் அந்த நாக்கிங், பிஸ்டனைத் தின்றுவிடும். அதைக் கண்டுபிடிக்கும் சென்சார் இந்தப் பழைய 1.6 இன்ஜினில் கிடையாது. ஓட்டுகிறவர் காதுதான் சென்சார்.

ஏர் ஃபில்டர், சைலன்சர் மாற்றுகிறவர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சத்தம் உடனே கூடும். குதிரை கொஞ்சமாகக் கூடலாம். பழைய 1.6-இல் உள்ளே வரும் காற்றை அளக்க, ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு இருக்கிறது. இன்ஜின் அந்தக் கதவைத் தள்ளிக்கொண்டுதான் மூச்சுவிட வேண்டும். உண்மையான தடை அதுதான். அதைவிட்டுவிட்டு, பானட்டுக்குள் திறந்த ஃபில்டர் ஒன்றைப் பொருத்தினால் அது இன்ஜினின் வெந்த காற்றைத்தான் குடிக்கும். 30 பாகையில் இருக்கும் காற்று 60-க்குச் சூடானால் அடர்த்தி ஒன்பது சதவீதம் குறைந்துவிடும். காசு கொடுத்துக் குதிரையைத் துரத்துகிற வேலை.

கடைசியாக டர்போ. தம்பியின் கனவு. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். புகைக்காற்றால் சுழலும் ஒரு விசிறி இன்னும் 0.5 பார் திணித்தால், சிலிண்டருக்குள் ஒன்றரை மடங்கு காற்று போக வேண்டும். அழுத்தினால் காற்று சூடாகும் என்பதால் அவ்வளவு போகாது. இன்டர்கூலர் வைத்தால் ஓரளவு மீளும். எங்கிருந்தோ வந்த யோசனை அல்ல இது. இதே குடும்பத்து 1.6 இன்ஜினை மஸ்டா டர்போவோடு 323 ஜிடிஎக்ஸ் வண்டியில் ஓட்டியிருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் பிபிஆர் நிறுவனம் மஸ்டாவின் சம்மதத்தோடு டர்போ வைத்து 150 குதிரைக்குக் கொண்டுபோனது. 2004-இல் மஸ்டாவே 178 குதிரை டர்போ மியாட்டா ஒன்றை விற்றது.

ஆனால் கணக்குப் போட்டபோது எனக்கு ஒரு வியப்பு. டர்போ இல்லாத இந்த வண்டியே முதல் கியரில் முழு முறுக்கு விசையில் தள்ளும் தள்ளு, புவியீர்ப்பில் பாதிக்குச் சற்று மேல். ஓட்டுநர் உட்கார்ந்தால் எடை முன்னும் பின்னும் சரிபாதி. கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் சாயும். நல்ல சாலை டயர் உலர்ந்த தார்ச்சாலையில் அதிகபட்சம் தாங்குவதும் ஏறக்குறைய அதே அளவுதான். அதாவது முதல் கியரில் இன்ஜின் ஏற்கெனவே டயரின் எல்லையைத் தொட்டுவிட்டது. அங்கே எத்தனை குதிரையைக் கூட்டினாலும் புகையும் ரப்பர் நாற்றமும்தான் மிச்சம். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் இன்னும் மோசம். பாரம் குறைந்த ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழலும். டர்போவின் ஆட்டம் இரண்டாவது, மூன்றாவது கியரில்தான். நின்ற இடத்திலிருந்து கிளம்புவதற்கு நல்ல டயரே டர்போ.

பலம் கூடக்கூட, வலுவில்லாத கண்ணி இடம் மாறிக்கொண்டே போகும். பெட்ரோல் போதாமல் போனால் பிஸ்டன். இன்ஜெக்டரை மாற்றினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை மாற்றினால் அடுத்தது 1.6-இன் டிஃபரன்ஷியல்; மியாட்டா டர்போ உலகில் அது உடைவது பழைய கதை. 1994-இல் 1.8 இன்ஜினோடு வந்த டிஃபரன்ஷியல் பெரியது, உறுதியானது. தெரிந்தவர்கள் அதை ஆக்சிலோடு கொண்டுவந்து மாட்டுகிறார்கள். இத்தனையும் முடிந்தால் பிரேக். பிறகு அரசாங்கம்: கலிஃபோர்னியாவில் புகை விதிக்கு அங்கீகாரம் பெறாத டர்போவைச் சாலையில் ஓட்ட முடியாது. நம் நாட்டில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இன்னும் கறார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. விபத்தில் சிக்கிய 1994 வண்டியிலிருந்து எடுத்த டிஃபரன்ஷியல். பின்மூடியைக் கழற்றி, பழைய எண்ணெயை வடித்து, கிரவுனில் ஒரு பல்லுக்குச் சாக்பீஸ் வைத்து எண்ணினோம். எனக்கு 40 வந்தது, அவனுக்கு 41. மறுபடி எண்ணினோம். 41 தான். பினியன் 10.

"4.1. அப்படின்னா இழுவை அஞ்சு சதவீதம் குறையுமே?" என்றேன்.

"குறையும். ஆனா ரெண்டாவது கியர் எது வரைக்கும் போகும்னு பாருங்க."

கைபேசியில் கணக்குப் போட்டேன். 97 கிலோமீட்டர் தாண்டி வந்தது. 60 மைல், மூன்றாவது கியர் இல்லாமல்.

"டர்போ வர்ற வரைக்கும் வண்டி மெதுவாத்தான் ஓடும்," என்று சொல்லிவிட்டு அவன் மூடியின் போல்ட்டுகளை ஒரு தகர டப்பாவில் போட்டு, மேலே தேதியை எழுதினான்.