துப்பாக்கி உரிமம்: ஏட்டில் எண் இருக்கிறது; விசாரணை நடந்ததா?

புது தில்லி: கிழக்கு தில்லியின் மயூர் விஹாரிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவுக்குச் செல்லச் சில நிமிடங்களே போதும். ஆனால், துப்பாக்கி உரிமத்தைப் பொருத்தவரை இந்த எல்லையின் இருபுறமும் நிலைமை வேறு. மத்திய உள்துறை அமைச்சகத்தின் கணக்குப்படி, 2016-ஆம் ஆண்டு இறுதியில் தில்லியில் இருந்த உரிமங்கள் 38,754. உத்தரப் பிரதேசத்தில் 12.77 லட்சம். தமிழகத்தில் 22,532. நாடு முழுவதும் 33.69 லட்சம்.

மயூர் விஹாரில் வசிப்பவர் உரிமம் கோரினால், அதைப் பரிசீலிப்பது தில்லி காவல் துறையின் உரிமப் பிரிவு. பிற மாநிலங்களின் பெரும்பாலான மாவட்டங்களில் இந்த அதிகாரம் ஆட்சியரிடம் உள்ளது. எங்கு விண்ணப்பித்தாலும், 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அருகிலுள்ள காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்கப்பட வேண்டும். மனநலம் குன்றியோர், பொது அமைதிக்கு ஆபத்தானோர் ஆகியோருக்கு உரிமம் மறுக்கப்பட வேண்டும்.

இந்த விவரங்கள் பல ஆண்டுகளாக அந்தந்த அலுவலகப் பதிவேடுகளிலேயே முடங்கிக் கிடந்தன. ஓர் உரிமம் உண்மையா, போலியா என்று அறிய, அதை வழங்கிய மாவட்டத்துக்கு எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இதை மாற்றவே தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளம் உருவாக்கப்பட்டது. 2012-இல் விதிகள் திருத்தப்பட்டு, உரிமதாரர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் கட்டாயமாக்கப்பட்டது. எண் இல்லாத உரிமம் செல்லாது என்றும் பின்னர் அறிவிக்கப்பட்டது.

ஆனால், எண் வழங்கிவிட்டால் மட்டும் உரிமம் நேர்மையானதாகிவிடுமா? ஜம்மு-காஷ்மீர் விவகாரம் எழுப்பும் கேள்வி இதுதான். 2016 கணக்கில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்த இடம் ஜம்மு-காஷ்மீருக்கு: 3.69 லட்சம் உரிமங்கள். சுமார் 1.25 கோடி மக்கள்தொகை கொண்ட மாநிலத்துக்கு இது மிக அதிகம். எனினும், முறைகேட்டை 2017-இல் வெளிக்கொணர்ந்தது ராஜஸ்தான் பயங்கரவாதத் தடுப்புப் படை. 2012 முதல் 2016 வரை 2.78 லட்சம் உரிமங்கள் அங்கு முறைகேடாக வழங்கப்பட்டன என்பது சிபிஐயின் குற்றச்சாட்டு. ஐஏஎஸ் அதிகாரிகள் இருவர் 2020-இல் கைது செய்யப்பட்டனர். 2021 ஜூலையில் தில்லியிலும் சோதனைகள் நடந்தன.

அமெரிக்காவில் நிலைமை நேர்மாறானது. துப்பாக்கி உரிமையாளர்களின் தேசியப் பதிவேடு வைக்க மத்திய அரசுக்கு 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது. உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவோரின் பின்னணி, 1998 முதல் கணினி வழியே சரிபார்க்கப்படுகிறது. ஒப்புதல் பெற்றவரின் விவரம் 24 மணி நேரத்துக்குள் அழிக்கப்பட வேண்டும். அங்கு விசாரணை உண்டு, ஏடு இல்லை. இங்கு ஏடு உண்டு, விசாரணைதான் கேள்விக்குரியது.

2019-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. அதே திருத்தம், உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டித்தது. புதுப்பிக்கும்போதுதான் உரிமதாரரின் நடத்தை மீண்டும் ஆராயப்படுகிறது என்பதால், அந்த வாய்ப்பு இனி இரண்டு ஆண்டுகள் தள்ளிப்போகும். ஆயுதங்களைக் குறைத்த சட்டம், விசாரணையையும் சேர்த்துக் குறைத்திருக்கிறது.